பின்னால் எத்தனை வண்டி

மலையடிவாரத் தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, வால்காரர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கினார். தார் ரோட்டுக்கு டயர் விறைப்பாக இருக்கலாம். மலைப்பாதையில் கொஞ்சம் தளர்ந்தால்தான் கல்லைக் கவ்விப் பிடிக்கும், இல்லாவிட்டால் துள்ளி ஓரத்துக்குத் தள்ளும். மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்று எந்தப் பயணியாவது தத்துவம் பேச ஆரம்பித்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். டயர் டயர்தான்.

இன்றைக்கு அப்படிப் பேசப் பயணி யாரும் இல்லை. முன் சீட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற இன்னொரு வண்டியில் ஓட்டுநர் சங்கத்துச் செயலாளரும், எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிற பெரியவரும் இருந்தார்கள். மலைக்கு இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் அவர் சித்தப்பாதான். அவருக்கு அண்ணன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

நாலு பேரும் புறப்பட்டது ஒரு வளைவுக்கு. போன மாதம், இலைகள் சிவந்து உதிரத் தொடங்கிய வாரத்தில், அந்த வளைவில்தான் மனைவியின் தம்பி வண்டியோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். எதிரே இறங்கி வந்தது சித்தப்பாவின் வண்டி. விபத்து என்றால் நடந்த இடத்திலேயே போய் நின்றுதான் முடிவு சொல்வது சங்கத்தின் வழக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினால் உலகத்தில் எல்லோரும் நல்ல ஓட்டுநர்கள்தான். பத்து நாளில் பனி விழுந்துவிடும், கம்பத்தை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும். சித்தப்பாவின் அனுமதி அட்டையைச் சங்கம் ஒரு மாதமாக வாங்கி வைத்திருக்கிறது. இன்றைக்கு அதை அடியோடு ரத்து செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். விசாரணை ஒப்புக்குத்தான்.

"நானும் வரேன்" என்று காலையில் மனைவி சொன்னாள்.

"நீ எதுக்கு? குளிர் வேற."

"என் தம்பி விழுந்த இடத்தை நான் பார்க்க வேணாமா? பனி மூடிடுச்சுன்னா அப்புறம் ஆறு மாசம் ஆகும். அந்த ஆளு முகத்தையும் ஒரு தடவை நேருக்கு நேரா பார்க்கணும்."

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

இந்த மலைப்பாதையின் விதி ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் கதை நொண்டும். பாதை ஒரே ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அங்கங்கே ஒரு வண்டி ஒதுங்கி நிற்க இடம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறுகிற வண்டிக்கு முதல் உரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். செல்போனும் வேலை செய்யாது, வாக்கி டாக்கியும் பாறையைத் தாண்டாது. அதனால் ஏறுகிற ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்டுவார். ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு விரல் என்றால் இரண்டு. கையை மூடிக் காட்டினால் பின்னால் யாரும் இல்லை. மூடிய கையைப் பார்த்த பிறகுதான் இறங்குகிறவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். வேறு எந்த ஏற்பாடும் கிடையாது.

வால்காரர் பதினோரு வருடமாகக் கடைசி வண்டிதான் ஓட்டினார். அதனால்தான் அந்தப் பெயர். முன்னால் மச்சினன் போவான், நாலு பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டு, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு. பின்னால் இவர் போவார், வாயே திறக்காமல். ஒதுங்கி நிற்கும் வண்டிகளைத் தாண்டும்போதெல்லாம் இவர் கை வெளியே போய் மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, பதினோரு வருடம்.

அன்றைக்கு மட்டும் மச்சினன் கீழேயே சொன்னான். "மாமா, இன்னிக்கு நீங்க முன்னாடி போங்க. என் வண்டில இருக்கிறவங்க மரத்துக்கு மரம் போட்டோ எடுக்கணுமாம். நான் ஆடி அசைஞ்சு வரேன்."

அந்த வளைவைத் தாண்டிய ஒதுங்கிடத்தில் சித்தப்பா காலி வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். வால்காரர் தாண்டிப் போனார். கை வெளியே போனது. மூடியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. வேண்டுமென்று செய்ததில்லை, யோசித்துச் செய்ததும் இல்லை. இரண்டு வளைவு மேலே ஏறியதும் கீழேயிருந்து நீளமாக ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் தன் கையைப் பார்த்தார்.

மோசமான வளைவு என்பதால் மச்சினன் பயணிகளை முன்னதாகவே இறக்கி, நடந்து வரச் சொல்லியிருந்தான். அந்த ஒரு புண்ணியத்தில் அவர்கள் தப்பித்தார்கள். அவன் மட்டும் ஏறி வந்தான். சித்தப்பாவின் வண்டி திடீரென்று எதிரே நின்றதும் வெளி ஓரத்துக்கு ஒடித்தான். அங்கே தரை மாதிரி தெரிந்தது வெறும் இலைக்குவியல். அதற்கு அடியில் மண் இல்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் செயலாளர் கேட்டார். "நீங்க எத்தனை காட்டினீங்க?" மனைவி இவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் விரல்கள் சட்டைக்குள் பதிந்திருந்தன.

"ஒண்ணு" என்றார் வால்காரர்.

கை அவரைக் கேட்காமல் மூடிக்கொண்டது, நாக்கும் அவரைக் கேட்காமல் சொல்லிவிட்டது. ஆனால் கைக்குச் சொல்லிக்கொள்ளலாம், பழக்கம் என்று. நாக்குக்கு என்ன சொல்வது? மூடிய கையைத்தான் பார்த்தேன் என்று சித்தப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். யார் காதில் ஏறும்? சொந்த மச்சினனைப் பறிகொடுத்தவன் பொய் சொல்லுவானா என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வால்காரரின் வண்டியில் இருந்த பயணிகள் அந்த நேரத்தில் மறுபக்கத்து மரங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விரலும் தெரியாது, விதியும் தெரியாது.

தினமும் காலையில் எழுந்ததும், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்வார். ராத்திரி சாப்பிடும்போது மனைவி தட்டை நகர்த்திவைத்துவிட்டு அழுவாள். சொல்ல வந்ததை அவர் சோற்றோடு சேர்த்து மென்று விழுங்குவார். ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஓட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கம்பம் உயர்ந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் கியரை மாற்றிப் போட்டு வண்டியை ஏற்றினார். முதல் மைல் முழுக்க இலை. போன மாதம் மரத்தில் தீப்பிடித்தது மாதிரி நின்றதெல்லாம் இப்போது பாதையில் நசுங்கி, பழுப்பாகி, மழையில் ஊறிக் கிடந்தது. மரங்கள் மொட்டையாக நின்றன. இலைக்கு அடியில் கல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று கண்ணால் தெரியாது. ஸ்டீயரிங்கில் வருகிற உதறலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் செயலாளரின் வண்டி கொஞ்சம் தள்ளி, திருப்பத்துக்குத் திருப்பம் மறைந்து மறைந்து வந்துகொண்டிருந்தது.

மனைவி ஜன்னல் பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடிவாரத்து ஆபீசில் உட்கார்ந்து பயணிகளுக்கு போனில் இடம் பதிவு செய்து கொடுப்பது அவள்தான். பாதையில் எத்தனை வளைவு, எங்கே ஒதுங்கிடம், எந்தக் கைக்கு என்ன அர்த்தம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஏறித்தான் பார்த்ததில்லை.

"எவ்வளவு குறுகல்" என்றாள். "இதுலயா அவன் பாட்டுப் பாடிட்டுப் போவான்?"

"ம்."

"எட்டு வயசு வரைக்கும் சைக்கிள்ல ஏறப் பயம் அவனுக்கு. நான்தான் பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடுவேன். பிடிச்சிருக்கியாக்கா, பிடிச்சிருக்கியாக்கான்னு கத்திக்கிட்டே போவான்." கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அந்த ஆளு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் காத்திருந்தா என்னங்க? அப்படி என்ன தலை போற அவசரம்? அவன் கண்ணு அவிஞ்சு போக."

வால்காரர் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடம்கூட இல்லை அது.

பாதி மலையில், ஒரு திருப்பத்துக்கு மேலே எதிர் வண்டி தெரிந்தது. உச்சியில் இருக்கும் விடுதியைக் குளிர்காலத்துக்காகப் பூட்டிவிட்டு, மெத்தைகளையும் நாற்காலிகளையும் கட்டிக்கொண்டு இறங்குகிற வண்டி. விதிப்படி ஒதுங்கி நின்றது. வால்காரர் பக்கத்தில் போனார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

கை மூடியிருந்தது.

எதிர் ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டு கியரில் கை வைத்தார். வால்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசர அவசரமாக ஒரு விரலை நீட்டி ஆட்டினார். அந்த ஓட்டுநர் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கியரிலிருந்து கையை எடுத்தார். பின்னால் வந்த செயலாளரின் வண்டியும் தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் சேர்த்து நாலைந்து நொடிதான் இருக்கும்.

மனைவி பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

"ஏங்க."

"ம்."

"இப்ப என்ன காட்டினீங்க?"

"ஒண்ணு."

"அதுக்கு முன்னாடி?"

வால்காரர் பாதையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"அன்னிக்கும் இப்படித்தானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நம்பவும் செய்வாள், நம்பத்தான் அவளுக்கும் ஆசை. ஒரு மாதமாகச் சொல்லி வந்ததை இன்னொரு தடவை சொன்னால் போதும்.

"ஆமா" என்றார்.

வண்டியை நிறுத்தி, இறங்கி, அவள் காலில் விழ வேண்டும் போல் இருந்தது அவருக்கு. நிறுத்த முடியாது. செங்குத்தான ஏற்றத்தில், ஈர இலை மேல் நிறுத்தினால் வண்டி பின்னுக்கு வழுக்கும், பின்னால் வருகிறவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் அந்த ஒரு வார்த்தையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஏறினார்கள். அவள் கத்தவில்லை, அழவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி குலுங்கியபோது தோள் கதவில் இடித்தது. இடித்தால் இடிக்கட்டும் என்று இருந்தாள்.

இரண்டு திருப்பம் தாண்டிய பிறகு பேசினாள். "யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்க. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே உயிரை விட்டுடுவாங்க. மகன் போனதுக்கு மலையைத் திட்டிக்கிட்டு இருக்காங்க, அந்த ஆளைத் திட்டிக்கிட்டு இருக்காங்க. அப்படியே திட்டிட்டு இருக்கட்டும். மருமகன் கைதான்னு நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்? அந்த ஆளுக்கு வயசாயிடுச்சு. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுவாரா? ஓட்டாட்டி என்ன குடி முழுகிப் போகுது?" கதவுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். "எனக்கு நீங்களும் இல்லாமப் போகக் கூடாது. அவ்வளவுதான். என்கிட்ட வேற எதுவும் பேசாதீங்க."

வால்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கிவைத்தது போல் இருந்தது. அப்படி இருந்ததே என்று அடுத்த நிமிடம் தன் மேலேயே அருவருப்பு வந்தது. சே, என்ன மனுஷன் நான் என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, அந்த நிம்மதியைக் கீழே போட மனசு வரவில்லை.

வளைவைத் தாண்டி, அதே ஒதுங்கிடத்தில் இரண்டு வண்டியும் நின்றன. வளைவின் வெளி ஓரத்தில் சங்கத்துக்காரர்கள் நட்டுவைத்த சிவப்புக் குச்சிகள் ஐந்தாறு நின்றன. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை, கீழே மூட்டம்தான். மனைவி குச்சி வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விசாரணைக் கோப்பைப் பிரித்தார்.

சித்தப்பா வண்டியிலிருந்து இறங்க நேரம் எடுத்தது. காலைக் கீழே வைக்க இடம் தேடித் தேடி இறங்கினார். மூக்கில் புதிதாக ஒரு தடித்த கண்ணாடி. இந்த மனிதர் கண்ணாடி போட்டு வால்காரர் பார்த்ததே இல்லை. மூன்று திருப்பத்துக்கு மேலே நிற்கிற ஆடு கிடாவா பெட்டையா என்று சொல்லுகிற கண் அது.

சித்தப்பா யாரையும் பார்க்காமல் நேரே வால்காரரின் மனைவியிடம் போய்க் கைகூப்பினார்.

"என்னை மன்னிச்சிடும்மா. உன் முகத்துல முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல. எனக்கு மூடின கையாத்தாம்மா தெரிஞ்சுது. சத்தியமா அப்படித்தான் தெரிஞ்சுது. ஆனா உன் வீட்டுக்காரர் எதுக்குப் பொய் சொல்லப்போறார், செத்தது அவர் மச்சினன் ஆச்சே. அப்போ என் கண்ணுலதான் கோளாறு. டாக்டர்கிட்டப் போனேன். ஒண்ணும் இல்ல, சின்னப் பையன் கண்ணு மாதிரி இருக்குன்னார். நான் நம்பல. இன்னொருத்தர்கிட்டப் போனேன், அவரும் அதையேதான் சொன்னார். கடைசில ஒரு கடைக்காரன் என் தொல்லை தாங்காம இதைப் போட்டுவிட்டான். போட்டா தலை சுத்துது. இருந்தாலும் போட்டுக்கிறேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறதை விட்டுட்டேன்மா. ரோட்டுல வண்டி வருதா இல்லையான்னு என் கண்ணை நம்பி எப்படி அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது?"

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. நேருக்கு நேரே பார்க்க வேண்டும் என்று வந்தவள், அந்தக் கண்ணாடியைத் தாண்டி அவரைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் கூப்பிய கையை இறக்கவில்லை. யாராவது அந்தக் கையை இறக்கிவிட மாட்டார்களா என்று இருந்தது.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

வால்காரர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். மலையில் ஏறும்போது கிடைத்த நிம்மதி இப்படி அரை மணிகூட நிற்காது என்று உள்ளுக்குள் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது போலும்.

"நான் கையை மூடித்தான் காட்டினேன்" என்றார். "சித்தப்பா பார்த்ததுதான் சரி. பழக்கத்துல மூடிட்டேன். ஆனா அப்புறம் கேட்டப்ப ஒண்ணுன்னு சொன்னது பழக்கம் இல்ல. பயம். இவ முன்னாடி சொல்லப் பயம். அவன் செத்தது என்னாலதான்."

செயலாளர் கோப்பை மூடினார். அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது, பிறகு அவரும் தலையைக் குனிந்துகொண்டார். வால்காரரிடம் கையை நீட்டினார். வால்காரர் தன் அனுமதி அட்டையை எடுத்துக் கொடுத்தார். செயலாளர் தன் சட்டைப் பையிலிருந்து சித்தப்பாவின் அட்டையை எடுத்தார். அதைக் கிழித்துப் போடத்தான் கொண்டுவந்திருந்தார்.

"சித்தப்பா, இதைப் பிடிங்க. சங்கத்து சார்புல நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இவர் வண்டியைக் கீழ இறக்கணும், இவர் ஓட்டக் கூடாது. நீங்களே ஓட்டிட்டு வந்துடுங்க."

சித்தப்பா அட்டையை வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், மலையைப் பார்த்தார், மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"என் கண்ணு நல்லா இருக்குன்னு இப்ப இவர் சொல்றார். இல்லைன்னு ஒரு மாசமா சொன்னவரும் இவர்தான். நான் எதைத் தம்பி எடுத்துக்கிறது?" கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். "வேணாம்யா. ஒரு தடவை கண்ணு மேல சந்தேகம் வந்துடுச்சு. இனிமே எதிர்ல ஒரு கையைப் பார்த்து நான் எப்படி வண்டியை எடுப்பேன், சொல்லுங்க. நின்ன இடத்துலயே நின்னுட்டு இருப்பேன்."

செயலாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் வால்காரரின் வண்டியைப் பாறை ஓரமாக ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, நாலு பேரும் ஒரே வண்டியில் இறங்குவது என்று ஆயிற்று. நாளைக்கு யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

மனைவி யாரையும் பார்க்காமல் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வால்காரர் பின் கதவைத் திறந்தார். சித்தப்பா ஏற்கெனவே உள்ளே இருந்தார். நகர்ந்து இடம் விட்டார். ஒரு மாதமாக வால்காரர் மனசுக்குள் எத்தனையோ விதமாக இதை நடத்திப் பார்த்திருக்கிறார். அறை விழும், காறித் துப்புவார்கள், சட்டையைப் பிடித்து உலுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் அவர் தயாராக இருந்தார்.

"அந்தப் பக்கத்து பெல்ட் மக்கர் பண்ணும்" என்றார் சித்தப்பா. "நல்லா இழுத்துப் போடுங்க தம்பி. இறக்கம் மோசம்."

வால்காரர் பெல்ட்டை இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். பெரியவர் குனிந்து, தடவித் தடவிக் கொக்கியைத் தேடிப் பிடித்து, அவருக்கு மாட்டிவிட்டார். வால்காரர் முன் சீட்டின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். மனைவிக்கு அது கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை. செயலாளர் முதல் கியரைப் போட்டு, வண்டியை மெல்ல இறக்கத் தொடங்கினார்.